மீன் வருமுன்னே

செஞ்சி கல்லால் ஆன ஊர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும் உருண்டு திரண்ட பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமந்து நிற்கின்றன. சித்திரை, வைகாசித் திங்கள்களில் அப்பாறைகள் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவெல்லாம் ஊருக்குள் உமிழ்கின்றன. கடலோ ஏறக்குறைய அறுபது கிலோமீட்டருக்கு அப்பால், திண்டிவனத்தையும் தாண்டி, மரக்காணத்தில் இருக்கிறது. செஞ்சியாறு என்று நாங்கள் அழைக்கும் சங்கராபரணி மட்டும், நீர் ஓடும் காலங்களில், புதுச்சேரிக்குத் தெற்கே சென்று கடலைத் தொட்டுவிடுகிறது. மற்றபடி எங்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவு கருவாட்டோடும் உப்போடும் முடிந்துவிடும்.

இத்தகைய ஊரில், வீட்டின் முன்னறையில் கடல்நீர்த் தொட்டி ஒன்றை வைத்து, அதில் ஒரு மீனும் விடாமல், நாற்பது நாள்களுக்கு மேல் மோட்டாரை மட்டும் ஓடவிட்டுக் காத்திருந்தோம் என்றால் கேட்போருக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் அனைவரும் ஒரே வினாவைக் கேட்டார்கள்: “மீன் எங்கே?” அவ்வினாவுக்கு நாங்கள் மெல்லக் கற்றுக்கொண்ட விடையை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தெளிவு என்னும் மயக்கம்

நீரை நாம் கண்ணால் எடைபோடுகிறோம். தெளிந்திருந்தால் நல்ல நீர், கலங்கியிருந்தால் கெட்ட நீர் என்று தீர்ப்பு வழங்கிவிடுகிறோம். குடத்துத் தண்ணீருக்கு அது ஓரளவு பொருந்தலாம். மீனுக்குப் பொருந்தாது என்பதை எங்கள் பேத்தி ஒன்பது வயதிலேயே காண நேர்ந்தது.

அவளுடைய பெற்றோர் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகின்றனர். அவள் எங்களோடு தங்கிப் பள்ளிக்குச் செல்கிறாள். நாங்கள் இருவரும் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் அவளை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அன்றுதான் அவர்கள் புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வாங்கியிருந்தார்கள். விற்றவர், உப்பைக் கரைத்து ஊற்றி அன்று மாலையே மீன்களை விட்டுவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மஞ்சளும் நீலமுமாக ஆறு மீன்கள். முதல் இரண்டு நாள்கள் வீடே தொட்டியைச் சுற்றி நின்றது. மூன்றாம் நாள் மீன்கள் இரை எடுக்கவில்லை. நான்காம் நாள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எட்டாம் நாள் தொட்டியில் எஞ்சியது நீர் மட்டுமே. அந்த நீரோ பளிங்குபோல் இருந்தது.

பேருந்தில் திரும்பும்போது அவள் கேட்டாள்: “தண்ணி சுத்தமாத்தானே தாத்தா இருந்துச்சு? அப்புறம் ஏன் செத்துப்போச்சு?”

ஊர் திரும்பியதும் நூல்களைத் தேடிப் படித்தோம். மீன் வளர்ப்பில் பழகியவர்களிடம் கேட்டறிந்தோம். விடை புரிந்தபின் அவளுக்கென்று ஒரு தொட்டி வாங்க இசைந்தோம். நிபந்தனை ஒன்றுதான்: தொட்டி ஆயத்தமாகிவிட்டது என்று சோதனையில் தெரியும்வரை மீன் வராது.

கண்ணுக்குத் தெரியாத பணியாளர்கள்

உயிருள்ள எதுவும் கழிவை வெளியேற்றாமல் வாழ இயலாது. மீன் தன் கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் விடுகிறது. தின்னாமல் விட்ட இரை அழுகினாலும் அம்மோனியாவே தோன்றும். அதற்கு நிறமில்லை, சிறிய அளவில் மணமும் தெரியாது. கடலில் அது எல்லையற்ற நீரில் கரைந்து மறைந்துவிடும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் மறைய இடமேது? மீன் தான் விட்ட நஞ்சையே மீண்டும் மீண்டும் செவுளில் வாங்கிக்கொள்கிறது.

கடல்நீரில் இத்துன்பம் இன்னும் மிகுதி. அம்மோனியா நீரில் இருவகையாக இருக்கும். ஒன்று அதிகம் தீங்கு செய்யாத அயனி வடிவம்; மற்றொன்று செவுளுக்குள் எளிதில் புகும் கட்டற்ற அம்மோனியா. நீரின் காரத்தன்மை ஏற ஏற இரண்டாம் வகை பெருகும். கடல்நீர் இயல்பாகவே காரத்தன்மை உடையது; அதன் பி.எச். அளவு 8.2 அளவில் நிற்கும். நடுநிலையான நன்னீரோடு ஒப்பிட்டால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சான பகுதி கடல்நீரில் பத்து மடங்கிற்கும் மேலாகிவிடுகிறது. வெப்பம் ஏறினாலும் அது கூடும். உறவினர் வீட்டு மீன்களை அந்தப் பளிங்கு நீர் எவ்வாறு கொன்றது என்பது இப்போது விளங்கும்.

அவ்வாறாயின், ஆண்டுக்கணக்கில் மீன்கள் நலமாக வாழும் தொட்டிகளில் இந்த நஞ்சை நீக்குபவர் யார்? அவர்களைத் தேடிய கதை சுவையானது. 1877ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இரு அறிஞர்கள், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயின் வழியே கழிவுநீரை மெல்லச் சொட்டவிட்டார்கள். முதல் இருபது நாள்கள் உள்ளே சென்ற அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. பிறகு, சொல்லிவைத்தாற்போல், அம்மோனியா குறைந்து நைட்ரேட்டு தோன்றத் தொடங்கியது. இது வெறும் வேதிமாற்றமாயின் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும் அல்லவா? இருபது நாள் தாமதம், உள்ளே ஏதோ உயிர் பெருகிவருவதைக் காட்டியது. குழாய்க்குள் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுபோனது; உயிர் என்பது உறுதியாயிற்று. 1890ஆம் ஆண்டு வாக்கில் வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் அந்நுண்ணுயிர்களைத் தனித்துப் பிரித்துக் காட்டினார்.

அவை இரு குழுவினர். முதற்குழு அம்மோனியாவை உண்டு நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் மீனுக்கு ஆகாத பொருளே. இரண்டாம் குழு நைட்ரைட்டை உண்டு நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டு பெரிதும் தீங்கற்றது. அவ்வப்போது சிறிது நீரை மாற்றினாலே கட்டுக்குள் இருக்கும். முதற்குழுவின் கழிவு இரண்டாம் குழுவுக்கு உணவு. ஆதலின் முதற்குழு பெருகாமல் இரண்டாம் குழு பெருக வழியில்லை.

இவர்களுக்கு அவசரம் என்பதே தெரியாது. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் ஏற்ற சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். அம்மோனியாவிலிருந்து கிடைக்கும் ஆற்றலோ மிகச் சிறிது. அதைக்கொண்டு வாழும் இவை இரட்டிப்பாக அரைநாளோ ஒருநாளோ அதற்கு மேலோ ஆகும். ஒரு புதிய தொட்டி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

கரைத்துச் செய்த கடல்

தொட்டி நான்கடி நீளம். அகலமும் உயரமும் ஒன்றரையடி. கற்களும் மணலும் போக ஏறத்தாழ 200 லிட்டர் நீர் கொள்ளும். “மரக்காணத்தில்தான் உப்பளம் இருக்கே, அந்த உப்பைக் கரைச்சா கடல் தண்ணி ஆயிடாதா?” என்று பேத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் உப்பளத்தில் கடல் தன்னைப் பிரித்துக்கொண்டே காய்கிறது. முதலில் சுண்ணாம்புச் சத்துகள் படியும். அடுத்து நாம் உண்ணும் உப்பு உறையும். மக்னீசியம், பொட்டாசியம் முதலியவை கடைசி நீரில் தங்கிக் கழிந்துவிடும். பாத்தியிலிருந்து வாரிய உப்பு கடலின் ஒரு பகுதியே தவிர, கடலன்று. மக்னீசியமும் கால்சியமும் இல்லாத உப்புநீரில் கடல்வாழ் உயிர்கள் நிலைப்பதில்லை. கரையோரத்து நீரையே கேன்களில் கொண்டுவரலாம் என்றால், அதிலுள்ள அழுக்கும், மூடிய கேனுக்குள் மடியும் நுண்ணுயிர்களும் புதிய தொல்லையாகும். எனவே இதற்கென்றே எல்லாச் சத்துகளும் கலந்து விற்கப்படும் உப்பை வாங்கினோம். லிட்டருக்கு 35 கிராம் வீதம் 7 கிலோ.

செஞ்சியின் கிணற்று நீரில் உள்ள தாதுக்களோ, குழாய் நீரின் குளோரினோ கணக்கைக் குலைக்கக் கூடாதென்று வடிகட்டிய ஆர்.ஓ. நீரையே பயன்படுத்தினோம். குளோரின் நாம் வரவழைக்க விரும்பும் நுண்ணுயிர்களையே கொன்றுவிடும். பால்காரர் வைத்திருக்கும் லாக்டோமீட்டரைப் போன்ற கண்ணாடிக் கருவியை நீரில் மிதக்கவிட்டு அடர்த்தியைப் பார்த்தோம். 1.025 என்று காட்டியபோது, “கடல் வந்துடுச்சு” என்று கைகொட்டினாள்.

கடலை நகருக்குள் கொண்டுவரும் ஆசை புதிதன்று. 1846இல் அன்னா தின் என்னும் ஆங்கில மாது, கடற்கரை ஊரான டார்க்கீயிலிருந்து சில பவள உயிரிகளை லண்டனிலிருந்த தம் வீட்டுக்குக் கொண்டுசென்றார். மோட்டாரும் மின்சாரமும் இல்லாத காலம். நீரில் காற்று கலப்பதற்காக அவருடைய பணிப்பெண் நாள்தோறும் திறந்த சன்னலருகே நின்று, நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தாளாம். நம் நாட்டிலும் 1909ஆம் ஆண்டிலேயே சென்னை மெரினா கடற்கரையில் கடல்வாழ் உயிர்க் காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது அது மூடப்பட்டுவிட்டது. அவர்களுக்காவது கடல் வாசலில் இருந்தது.

எங்களுக்கு வாய்த்தது வெயில். தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டாதிருக்கச் சிறிய மின்விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின்மேல் சுழலவிட்டோம். நாள்தோறும் மூன்று லிட்டர் வரை ஆவியாயிற்று. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். ஆகையால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நீரையே ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றிக்கொண்டே வந்தால் தொட்டி நாளடைவில் உப்பளமாகிவிடும். மின்தடை வேளைகளுக்கென்று பேட்டரியில் இயங்கும் காற்றுக்குழாயும் வைத்தோம். அந்நுண்ணுயிர்களுக்கும் மூச்சு வேண்டும்.

கல் என்னும் குடியிருப்பு

நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து வாழ்வதைவிடக் கல்லின் துளைகளில் ஒட்டி வாழ்வதையே விரும்பும். பழைய நாள்களில் பவளப்பாறையிலிருந்து உயிருள்ள கற்களைப் பெயர்த்து வந்து தொட்டியில் அடுக்கினார்கள். நுண்ணுயிர்கள் கல்லோடு சேர்ந்து வந்துவிடும். காத்திருக்கும் நாள்கள் குறையும். ஆனால் அதற்கான விலையைக் கடல் கொடுக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் அமிழ்ந்துபோயின. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது அதற்கு ஒரு காரணம். அப்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளங்களும் கடற்குதிரைகளும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கடுமையான பாதுகாப்பைப் பெற்றுள்ளன. எங்கோ ஒரு வீட்டின் அழகுக்காக மற்றோர் உயிரின் வீட்டைப் பெயர்ப்பது முறையன்று. துளைகள் நிறைந்த செயற்கைக் கற்களையே வாங்கி அடுக்கினோம். வெறுங்கல்லில் குடியேற்றம் தொடங்கினால் நாள் கூடும் என்பது தெரிந்ததே.

வெறுந்தொட்டிக்கு உணவு

மீன் இல்லாத தொட்டியில் அம்மோனியா ஏது? அம்மோனியா இல்லையேல் நுண்ணுயிர் எதை உண்டு பெருகும்? சிலர் ஓர் இறாலைப் போட்டு அழுகவிடுவார்கள். அதில் அளவும் தெரியாது, நாற்றமும் தாங்காது. வேறு சிலர் தாங்கும் திறனுள்ள மலிவான மீன்களை முதலில் விட்டு, நஞ்சை அவை சுமக்கச் செய்வார்கள். பிழைத்தால் பிழைக்கட்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கை எங்கள் பேத்தியின் முன் எங்களால் போட இயலவில்லை.

மூன்றாம் வழி நவச்சாரம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் துணியில் தொட்டுத் தேய்ப்பார்களே, அதே பொருள்தான். வேதியியலில் அதன் பெயர் அம்மோனியம் குளோரைடு. கடைத்தெருவில் கிடைப்பதில் கலப்பு இருக்கலாம் என்பதால் ஆய்வுக்கூடங்களுக்கு விற்கும் தூய பொருளை வாங்கினோம். 200 லிட்டர் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வேண்டுமாயின், ஏறக்குறைய ஒன்றேகால் கிராம் போதும். அளவை மிகுதியாக்கினால் வேகம் கூடும் என்று எண்ணலாகாது. மிஞ்சிய அம்மோனியா அந்நுண்ணுயிர்களையே தளரச் செய்யும்.

மூன்றாம் நாள் காலையில் நவச்சாரம் இட்டோம். அன்று முதல் ஒவ்வொரு மாலையும் சிறு கண்ணாடிக் குழாயில் நீரெடுத்து, சோதனைத் துளிகளை விட்டு, வண்ண அட்டையோடு ஒப்பிடுவது பேத்தியின் கடமை. அம்மோனியா இருந்தால் நீர் பச்சையாகும், இல்லையேல் மஞ்சள். நைட்ரைட்டு இருந்தால் ஊதா. அவள் ஒரு குறிப்பேட்டில் கோடு கிழித்து, எண்ணோடு வண்ணப் பென்சிலால் நிறத்தையும் தீட்டி வந்தாள்.

நான்காம் நாள் பச்சை. ஏழாம் நாள் பச்சை. பதினொன்றாம் நாளும் அதே பச்சை. “ஒண்ணுமே நடக்கலியே பாட்டி!” என்றாள். பிரெஞ்சு அறிஞர்களின் இருபது நாள் கதையை அன்றுதான் அவளுக்குச் சொன்னோம். பதின்மூன்றாம் நாள் பச்சை சற்று வெளிறியது. நைட்ரைட்டுக் குழாயில் முதன்முறையாக ஊதாவின் சாயல் படிந்தது. முதற்குழு வந்துவிட்டது! பத்தொன்பதாம் நாள் அம்மோனியாக் குழாய் மஞ்சளாகவே நின்றது. ஊதாவோ அட்டையின் கடைசிக் கட்டத்தை எட்டியது. உணவு தீர்ந்து முதற்குழு மடியாதிருக்க, மீண்டும் சிறிது நவச்சாரம். கற்களின்மேல் பழுப்பு நிறப் பாசி படர்ந்தது. பார்க்க அழகாயில்லை. ஆயினும் துடைக்காமல் விட்டோம். புதிய தொட்டியில் அது வந்து தானே குறைவது இயல்பு.

கோட்டையின் குளம்

இதற்கிடையே ஏழாம் நாள் எங்கள் மருமகன் முப்பது நாள் விடுப்பில் வந்திருந்தார். மகளுக்கு இவ்வாண்டு விடுப்புக் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து அனைவரும் கோட்டைக்குச் சென்றோம். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மராட்டியரின் போர்க்களக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது இக்கோட்டை. மதிலையும் களஞ்சியத்தையும் காட்டிவிட்டு ராஜகிரியின் அடிவாரத்தில் சக்கரக்குளத்தின் கரையில் அமர்ந்தோம்.

1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராம். எட்டு ஆண்டுகள் ஒரு கோட்டை தாக்குப்பிடிக்க மதில் மட்டும் போதாது. பாறைகளுக்கிடையே மழைநீரைத் தேக்கும் குளங்களையும் சுனைகளையும் கட்டிவைத்தார்கள். கல்யாண மகாலுக்கு மண்குழாய்களின் வழியே நீர் கொண்டுவந்தார்கள். படைவீரர் வந்த பிறகு நீர் தேடியிருந்தால் கோட்டை ஒரு கோடையைக்கூடத் தாண்டியிருக்காது.

பேத்தியின் கவனம் வரலாற்றில் இல்லை. பாசி படர்ந்த குளத்தின் ஓரத்தில் சிறு மீன்கள் திரிவதை அவள் கண்டுவிட்டாள். “இது பச்சையா இருக்கு, மீன் இருக்கு. அங்க சுத்தமா இருந்துச்சு, செத்துப்போச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாங்கள் ஏதும் விளக்கவில்லை.

முப்பத்தைந்தாம் நாள்

விடுப்பு கரைந்துகொண்டிருந்தது. முப்பத்தாறாம் நாள் விடியற்காலையில் மருமகன் புறப்பட வேண்டும். முந்தின மாலைச் சோதனையில் அம்மோனியா இல்லை. ஆனால் நைட்ரைட்டு லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நின்றது.

“மாமா, கடல் தண்ணியில நைட்ரைட்டு அவ்வளவாப் பாதிக்காதாம். நானும் படிச்சுப் பார்த்தேன்” என்றார் அவர். “அம்மோனியாதான் போயிடுச்சே. ரெண்டு சின்ன மீன் வாங்கி விட்டுட்டா, அவ முகத்தைப் பார்த்துட்டு நிம்மதியாப் போவேன், அத்தை.”

அவர் சொன்னதில் உண்மை உண்டு. கடல்நீரில் நிறைந்துள்ள குளோரைடு, நைட்ரைட்டு செவுளுக்குள் புகுவதைப் பெரிதும் தடுக்கிறது. நன்னீரில் கொல்லக்கூடிய அளவு கடல்நீரில் கொல்லாமலிருக்கலாம். ஆயினும் இரண்டாம் குழு இன்னும் தன் பணியை ஏற்கவில்லை என்பதற்கு அந்த ஊதா சான்று. பாதி கட்டிய வீட்டிலும் ஒருவர் படுத்துறங்க இயலும். அதனால் அதை வீடு என்று சொல்லிவிட முடியாது. வீட்டிலிருந்து எப்போதாவது முப்பது நாள் பிரியாமல் இருக்கக் கொடுத்துவைக்காத ஒரு தந்தையிடம் இதை எப்படிச் சொல்வது? தொட்டி அவளுடையது, அவளையே கேளுங்கள் என்றோம்.

அவர் கேட்டார். அவள் உள்ளே சென்று சோதனைக் குழாயை எடுத்துவந்து, வெள்ளைத் தாளின்மேல் பிடித்துக் காட்டினாள். “இன்னும் ஊதாவாத்தான் இருக்குப்பா” என்றாள். அவள் குரலிலும் ஏமாற்றம் இருந்தது. அவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் சற்றுநேரம் பார்த்தார். பிறகு அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, “சரிம்மா, மாறட்டும்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டச் சென்றார்.

பொறுமை என்பதைப் பற்றி எளிதாகப் பேசிவிடுகிறோம். அதன் செலவை யாரோ ஒருவர் கொடுக்கிறார். அந்த வீட்டில் அன்று அதைக் கொடுத்தவர் மருமகன். மகளின் மகிழ்ச்சியை நேரில் காணும் ஒரு மாலையை அவர் விட்டுக்கொடுத்தார். அது சிறிய தொகையன்று.

முப்பத்தெட்டாம் நாள் ஊதா மறைந்தது. மறுநாள் இறுதிச் சோதனை: மீண்டும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நவச்சாரம். இருபத்து நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. தொட்டி ஒரே நாளில் இவ்வளவையும் உண்டு முடிக்கிறது என்றால், இனி உயிர்களைத் தாங்கும் என்று பொருள். சேர்ந்திருந்த நைட்ரேட்டு 40ஐ எட்டியிருந்ததால் பாதி நீரை வெளியேற்றிப் புதிய கடல்நீர் கலந்து ஊற்றினோம்.

அன்றிரவு கைப்பேசியில் அழைத்த மருமகன் மீனைப் பற்றிக் கேட்கவில்லை. “என்ன நிறம்?” என்றார். “ரெண்டுமே இல்லைப்பா! ஜீரோ!” என்று கத்தினாள் பேத்தி.

வந்த விருந்தினர்

நாற்பத்து மூன்றாம் நாள் இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. கடலில் பிடித்தவை அல்ல, பொரிப்பகத்தில் பிறந்தவை. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள கடல்வாழ் உயிரின ஆய்வு மையங்கள் இம்மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறைகளை நம் நாட்டில் வளர்த்துத் தந்துள்ளன. பவளப்பாறையிலிருந்து பிடிக்காமலே இவ்வழகைக் காண அதனால் வழி ஏற்பட்டிருக்கிறது. மீன்கள் வந்த பையைக் கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கினோம். பிறகு ஒரு மணி நேரம் தொட்டி நீரைத் துளித்துளியாகக் கலந்தபின், பை நீரை விட்டுவிட்டு மீன்களை மட்டும் உள்ளே விட்டோம். முதல் வாரம் நாள்தோறும் சோதனை, இரை சிறிதே. அடுத்த மீனுக்கு இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். ஏனெனில் நுண்ணுயிர்கள் கிடைக்கும் உணவின் அளவுக்கே பெருகி நிற்கும். திடீரென விருந்தினர் கூடினால் பணியாளர் போதாமற் போவர்.

வாசக அன்பர்களே, உங்கள் பிள்ளைகள் மீன்தொட்டி கேட்டால் மறுக்காதீர்கள். தொட்டியை இம்மாதம் வாங்குங்கள்; மீனை இரண்டு மாதம் கழித்து வாங்குங்கள். இடைப்பட்ட நாள்களில் சோதனைக் குழாயைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். நன்றாகப் பேணினால் கோமாளி மீன் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். பத்தாண்டு தங்கப்போகிற ஓர் உயிருக்காக ஆறு வாரம் இல்லத்தை ஆயத்தம் செய்வது அதிகமில்லை. வரப்போகிறவர் மீனாயினும், மருமகளாயினும், புதிதாய்ப் பிறக்கும் குழந்தையாயினும், வரவேற்பு என்பது அவர் வந்த அன்று தொடங்குவதில்லை என்பதை அப்பிள்ளை அறிந்துகொள்ளும். எங்கள் பேத்தி மூன்றாவது மீனுக்கான நாளைத் தன் குறிப்பேட்டில் குறித்து வைத்திருக்கிறாள். அதற்குக் கீழே பென்சிலால் ஒரு வரி: அப்பாவின் அடுத்த விடுப்பு அதற்குப் பிறகுதான்.